நாய்க்குட்டிகளுக்கான கழிப்பிடப் பயிற்சி

நாய்க்குட்டிகளுக்கான கழிப்பிடப் பயிற்சி என்பது, வீட்டுக்குள் வளர்க்கப்படும் நாய்க்குட்டி சிறுநீரையும் மலத்தையும் வீட்டுக்கு வெளியே குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் கழிக்குமாறு பழக்குவதாகும். பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் இப்பழக்கத்தைப் பெற்றுவிடுகின்றன. சில குட்டிகளுக்கு ஓராண்டு வரையும் ஆகலாம். பயிற்சிக்குப் பின்னரும் குட்டி மீண்டும் மீண்டும் வீட்டுக்குள் கழிப்பதாயின், அதற்கு உடல்நலக் குறைவோ, தட்பவெப்பமோ, பழக்கும் முறையில் உள்ள பிழையோ காரணமாக இருக்கக்கூடும். இக்கட்டுரை பொதுவான முறைகளை விளக்குவதுடன், சேலம் மாவட்டத்தின் ஏற்காடு, சேர்வராயன் மலைப் பகுதி போன்ற குளிரும் மழையும் மிகுந்த இடங்களில் எழும் சிக்கல்களையும் தனியாக எடுத்துக்கொள்கிறது.

பின்னணி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நாய் திண்ணையிலும் தொழுவத்திலும் வயல்வெளியிலும் வாழ்ந்த விலங்கு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை. அவற்றுக்குக் கழிப்பிடம் பழக்க வேண்டிய தேவையே எழவில்லை. கதவு மூடிய வீடுகளும் அடுக்ககங்களும் பெருகி, நாய் வீட்டுக்குள் நுழைந்த பின்னரே இது ஒரு சிக்கலாயிற்று. பாட்டி வீட்டில் இதைப் பற்றிக் கேட்டால் விடை கிடைக்காது என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

ஏற்காட்டில் மே மாதத்தையொட்டி நடைபெறும் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி ஆகியவற்றுடன் நாய்க் கண்காட்சியும் இடம்பெறுவது வழக்கம். கோடை விடுமுறையே பல குடும்பங்கள் குட்டி வாங்கும் காலமும் ஆகும். மே மாதத்தில் இரண்டு மாத வயதில் வீட்டுக்கு வரும் குட்டி, தென்மேற்குப் பருவமழையின்போது மூன்று, நான்கு மாதக் குட்டியாகிறது. பழக்கம் படிய வேண்டிய அதே வாரங்களில் வெளியே மழையும் மூடுபனியுமாக இருக்கின்றன. மலைப்பகுதியில் இப்பயிற்சி இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தக் காலப் பொருத்தமின்மை ஒரு முக்கிய காரணம் எனலாம்.

உடலியல் அடிப்படை

பிறந்த குட்டிகள் முதல் இரண்டு, மூன்று வாரங்களில் தாமாகக் கழிவை வெளியேற்ற இயலாதவை. தாய் நாய் அவற்றின் அடிவயிற்றை நக்கித் தூண்டுவதாலேயே கழிவு வெளியேறுகிறது. அதைத் தாயே உட்கொண்டு படுக்கையைத் தூய்மையாக வைத்திருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் குட்டிகள் படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கின்றன. உறங்கும் இடத்தை அழுக்காக்காமல் இருக்கும் இவ்வியல்பே எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படையாகும்.

ஏறத்தாழ எட்டு, ஒன்பது வார வயதில் குட்டி கழிப்பதற்கென்று ஓர் இடத்தையும் ஒரு வகைத் தரையையும் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறது. பாதத்தில் படும் தரையின் தன்மையும் மணமும் இதில் பங்கு வகிக்கின்றன. மண்ணில் பழகிய குட்டி மண்ணையும், புல்லில் பழகிய குட்டி புல்லையும் தேடும். கூண்டிலேயே அடைத்து வளர்க்கப்பட்ட குட்டிக்குச் சிமெண்டுத் தரையே கழிப்பிடமாகப் பதிந்துவிடும். அத்தகைய குட்டி, தோட்டத்தில் அரைமணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் கூடத்தில் கழிப்பதைக் காணலாம். இது பிடிவாதம் அன்று. தான் கற்ற பாடத்தை அது சரியாகவே பின்பற்றுகிறது.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை இந்திய அரசின் 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் இருக்க வேண்டிய காலத்தைக் கருதியே இவ்வரம்பு. எனினும் கழிப்பிடப் பயிற்சிக்கும் இதனால் பயன் உண்டு. குட்டி இடத்தைத் தேரும் பருவத்தில் புதிய வீட்டை வந்தடைகிறது.

சிறுநீர்ப்பையை அடக்கும் திறன் வயதோடு மெல்ல வளர்கிறது. குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையிலான மணி நேரம் அது அடக்கும் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. இதன்படி இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் அடக்கும். ஆனால் இது மேல் வரம்பு மட்டுமே. விழித்து விளையாடும் குட்டிக்கு ஒரு மணி நேரமே மிகுதி. உறக்கத்தில் இவ்விடைவெளி நீளும்.

பயிற்சி முறை

குட்டி கழிக்கும் நேரங்கள் பெரிதும் முன்கூட்டியே கணிக்கத்தக்கவை: உறங்கி எழுந்தவுடன், உணவு உண்ட ஐந்து முதல் முப்பது நிமிடங்களுக்குள், விளையாட்டு முடிந்ததும், இரவு படுப்பதற்கு முன்னர். உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் இயக்கம் தூண்டப்படுவதே உணவுக்குப் பின் மலம் கழிப்பதற்குக் காரணமாகும். ஆகவே நாள் முழுதும் தட்டில் சோறு வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை குறித்த நேரத்தில் உணவளித்து, கால்மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். உணவுக்கு ஒழுங்கு வந்தால் மலத்துக்கும் ஒழுங்கு வரும். தண்ணீரை மட்டும் பகலில் குறைக்கக் கூடாது.

மேற்கூறிய நேரங்களில் குட்டியைத் தோல்வாரில் கட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே வழியாக ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கு விளையாட்டுக் காட்டாமல் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். கழித்து முடித்த அந்தக் கணமே பாராட்டி, ஒரு துண்டு உணவு கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பின்னர் கொடுக்கும் உணவு, வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகவே குட்டிக்குப் படும். கழித்தவுடன் உள்ளே இழுத்து வருவதும் தவறாகும். கழித்தால் வெளியுலா முடிந்துவிடும் என்று கற்றுக்கொள்ளும் குட்டி, உலாவை நீட்டிப்பதற்காகவே அடக்கி வைக்கும்.

வெளியே கழிக்காமல் திரும்பிய குட்டியை வீட்டில் கட்டவிழ்த்து விடக் கூடாது. கண்பார்வையில், கையெட்டும் தூரத்தில் வைத்திருந்து பத்து நிமிடங்களில் மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும். கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில், குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவே உள்ள கூண்டில் குறுகிய நேரம் விடலாம். கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கையாகவும் மறு மூலை கழிப்பிடமாகவும் மாறிவிடும். அடக்க இயலாத அளவு நேரம் அடைத்து வைத்தால், படுக்கையை அழுக்காக்காத இயல்பே கெட்டுவிடும். பின்னர் அதைச் சீராக்குவது மிகக் கடினம்.

ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில் உணவு, உறக்கம், கழிவு, தவறு ஆகியவற்றின் நேரங்களை எழுதி வருவது எளிய, ஆனால் பலரும் செய்யாத வழியாகும். "எப்போது பார்த்தாலும் வீட்டுக்குள்ளேயே போகிறது" என்ற முறையீடு, எழுதிப் பார்க்கையில் "மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, சமையலில் இருக்கும்போது" என்று சுருங்கிவிடுவது உண்டு.

தண்டனை

குட்டியின் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது, உரக்கத் திட்டுவது ஆகியன பயனற்றவை. சில நிமிடங்களுக்கு முன் நிகழ்ந்த செயலையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் தொடர்புபடுத்த இயலாது. காதைத் தாழ்த்தி ஒடுங்கி நிற்பதைக் குற்ற உணர்வு எனப் பலர் கொள்கின்றனர். உண்மையில் அது எதிரில் நிற்பவரின் சினத்தைக் கண்ட அச்சமே. அடிபட்ட குட்டி, மனிதர் முன்னிலையில் கழிப்பதே தவறு என்று கற்றுக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் மறைவாகக் கழிக்கும். தோல்வாரில் கட்டி வெளியே அழைத்துச் சென்றாலும் நம் எதிரில் கழிக்காது. இதனால் சிக்கல் இரட்டிப்பாகிறது. கழித்துக்கொண்டிருக்கும்போதே கண்டால், மெல்லக் கைதட்டி நிறுத்தித் தூக்கிக்கொண்டு வெளியே செல்வது போதுமானது.

பொறுமையிழந்து குட்டியைக் கடைவீதியிலோ மலைப்பாதையிலோ விட்டுவிடுவோரும் உளர். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

மலைப்பகுதியில்

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குறுமயிர் கொண்ட சமவெளி இனங்களின் குட்டிகளுக்கு இங்குள்ள குளிர்கால இரவுகள் கடுமையானவை. நடுங்கும் குட்டி ஈரப்புல்லில் கால் வைத்ததும் வாசலை நோக்கி ஓடும். நாம் உள்ளே விட்டதும் உலர்ந்த தரையில் கழிக்கும். இதற்குத் தீர்வு, கூரையின் கீழ் ஒரு கழிப்பிடம் அமைப்பதாகும். தாழ்வாரத்திலோ வாகனக் கொட்டகையின் ஓரத்திலோ செங்கல் வரம்பு கட்டி, அரையடி உயரத்துக்குத் தோட்டத்து மண்ணும் மணலும் நிரப்பினால் போதும். செய்தித்தாளைவிட மண்ணே மேல். மழைக்காலம் முடிந்ததும் தோட்டத்து மண்ணுக்கு மாறுவது குட்டிக்கு எளிதாக இருக்கும். செய்தித்தாளில் பழகியதோ பின்னாளில் வரவேற்பறையில் கிடக்கும் நாளிதழை நாடிச் செல்லும்.

திறந்தவெளிக் கழிப்பிடத்தின் மணத்தை மழை கழுவிவிடுகிறது. மணமே குட்டிக்கு வழிகாட்டியாதலால், முந்தைய சிறுநீரைத் துடைத்த துணித்துண்டு ஒன்றை அவ்விடத்தில் ஒரு கல்லின் கீழ் வைப்பது உதவும்.

காப்பித் தோட்டங்களில் வாழ்வோர் இடத் தேர்வில் கருத வேண்டியது ஒன்று உண்டு. செடிகளுக்கு இடப்படும் ஆமணக்குப் புண்ணாக்கு நாய்களுக்குக் கொடிய நஞ்சாகும். அதன் மணம் அவற்றை ஈர்ப்பதால் தின்றுவிடும். புதிதாக உரமிட்ட பாத்திகளையும் மருந்து தெளித்த பகுதிகளையும் தவிர்க்க வேண்டும். உண்ணிகள் மிகுந்த புதர்களும் ஏற்றவை அல்ல. காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள் நடமாடும் பகுதியாதலால், இரவில் குட்டியைத் தனியே வெளியே விடாமல் விளக்குடன் உடன் செல்வது இருவருக்கும் பாதுகாப்பு.

தடுப்பூசியும் வெளியே செல்வதும்

குட்டியை விரைவில் வெளியே பழக்க வேண்டும் என்பதும், தடுப்பூசி முடியும் வரை வெளியே விடக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுவன. 1978 இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ தீநுண்மி நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவுகிறது. குளிர்ந்த, நிழலான மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர்கிறது. அதுவரை காத்திருந்தால் இடம் தேரும் பருவம் கடந்துவிடும். பிற நாய்கள் நுழையாத சொந்த வேலிக்குள் கழிப்பிடத்தை அமைத்து, தெருவையும் ஏரிக்கரையையும் தடுப்பூசி முடியும் வரை தவிர்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.

வாந்தியும் குருதி கலந்த நீர்த்த மலமும் காணப்பட்டால் அது பயிற்சிக் குறைபாடு அன்று. பார்வோ நோயில் உடல்நீர் இழப்பு ஓரிரு நாட்களில் குட்டியைக் கொன்றுவிடும். மலையிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டியுள்ள நிலையில், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரவைக் கடத்துவது ஆபத்தானது. முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரைத் தொலைபேசியிலாவது அணுக வேண்டும்.

தவறுகள் தொடர்வதற்கான காரணங்கள்

பழகிய குட்டி திடீரென மாறினால் முதலில் உடல்நலத்தை ஐயுற வேண்டும். சிறிது சிறிதாக, அடிக்கடி, முக்கியபடி சிறுநீர் கழிப்பது சிறுநீர்ப் பாதைத் தொற்றின் அறிகுறியாகும். உறக்கத்திலும் நடையிலும் சொட்டிக்கொண்டே இருப்பது, குறிப்பாகப் பெண் குட்டிகளில், சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம் மாறி இணைந்திருப்பதால் ஏற்படலாம். அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. குடற்புழுக்கள் மலத்தை இளக்குகின்றன.

விருந்தினரைக் கண்டதும், அல்லது ஒருவர் மேலே குனிந்து தடவும்போது சிறுநீர் சிந்துவது பணிவின் அல்லது மகிழ்ச்சி மிகுதியின் வெளிப்பாடு. குட்டிக்கே இது தெரியாது. பக்கவாட்டில் அமர்ந்து, நேராகப் பார்க்காமல், முகவாயின் கீழ் தடவினால் குறையும். பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும்.

இவை எதுவும் இல்லையெனில், பழைய கறையின் மணம் எஞ்சியிருப்பதே அடிக்கடி காணப்படும் காரணம். மனித மூக்குக்குப் புலப்படாத அளவும் நாய்க்குப் போதும். சிறுநீரைத் துணியால் ஒற்றியெடுத்து, நொதி கலந்த தூய்மையாக்கியை ஊற்றிச் சில நிமிடங்கள் ஊறவிட வேண்டும். பீனாயில் மணத்தை மூடுமேயன்றி அகற்றாது. ஈரத்தை நக்கும் குட்டிக்கு அது நஞ்சும் ஆகும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மீது கொட்டினால் நச்சு வளிமம் உண்டாகும்.

கழிவை அகற்றல்

குட்டிகளின் மலத்தில் பெரும்பாலும் உருண்டைப்புழு முட்டைகள் உள்ளன. இவை மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் தன்மையை அடைகின்றன. எனவே அன்றாடம் அள்ளிவிட்டால் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கான ஆபத்து பெரிதும் நீங்குகிறது. அள்ளிய கழிவைக் கிணறு, ஊற்று, ஓடை ஆகியவற்றிலிருந்து விலகிய குழியில் புதைக்க வேண்டும். மலைச்சரிவில் மேல்வீட்டுக் குழியின் நீர் கீழ்வீட்டு ஊற்றை அடையக்கூடும் என்பதையும் கருத வேண்டும். காய்கறிப் பாத்திக்கு இதை உரமாக இடுதல் கூடாது.

வளர்ந்த நாய்கள்

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் வளர்ந்த நாட்டு நாய்களுக்கும் இதே முறை பொருந்தும். அவற்றின் சிறுநீர்ப்பை முதிர்ந்தது. மண்ணில் கழிக்கும் பழக்கமும் முன்பே படிந்துள்ளது. ஆகவே அவை குட்டிகளைவிட விரைவாகக் கற்றுக்கொள்வது வழக்கம். ஆண் நாய்கள் கதவு நிலையிலும் மேசைக்காலிலும் எல்லை குறிப்பது மட்டும் தனிச் சிக்கலாகும். கருத்தடைக்குப் பின் பலவற்றில் இது குறைகிறது.