தேநீரின் மணமும் சுவையும்

அறுசுவை என்று தமிழர் வகுத்த வரிசையிலே துவர்ப்புக்கும் ஓர் இடம் உண்டு. பாக்கிலும் வாழைப்பூவிலும் காணப்படும் அத்துவர்ப்பே தேநீருக்கும் அடிப்படையாகும். ஆயினும், நாள்தோறும் தேநீர் அருந்துவோருள் அத்துவர்ப்பை உணர்ந்து அருந்துவோர் மிகச் சிலரே. பாலும் சீனியும் அளவின்றிக் கலந்து, சூடு ஆறுமுன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவோர்க்கு எல்லாத் தேநீரும் ஒன்றுதான். மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் கைகள் காட்டும் கவனம் முழுவதும் இறுதியில் வந்து சேரும் இடம் அருந்துவோரின் நாவேயன்றோ? அந்த நா தரம் அறியாததாயின் அக்கவனத்துக்கு யார் மதிப்பளிப்பர்?

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எனப் பலவாறு வழங்கினும் செடி ஒன்றே. வேறுபாடு பக்குவத்தில் அமைந்தது. பறித்த கொழுந்தை முதலிற் காற்றிலே வாட்டுவர். பின்னர் உருட்டுவர். உருட்டும்போது இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்கின்றது. பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் தோன்றும் நிலை இதுவே. இதனை நொதித்தல் என்று கூறும் வழக்கம் இருப்பினும், கள் நொதிப்பதைப் போல இதில் நுண்ணுயிர்கள் தொழிற்படுவதில்லை. தக்க தருணத்தில் வெப்பமூட்டி உலர்த்தினால் மாற்றம் நின்றுவிடும். சற்று முந்தினால் சாயம் பச்சை வாடை வீசும். பிந்தினால் உயிர்ப்பின்றிச் சப்பிடும். தொழிற்சாலையில் இத்தருணத்தை அறிந்து கூறுபவரின் மூக்கிலேதான் அன்றைய தேயிலையின் விதி தங்கியுள்ளது.

இனி, மண்ணும் காற்றும் தரும் இயற்கை மணத்தை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வறண்ட காற்றாகின்றது. கச்சான் என்று பெயர்பெற்ற அக்காற்று யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாவின் தோட்டங்களில் வீசும். நீர் குறைந்து செடியின் வளர்ச்சி தளரும் அந்நாளிலேதான் ஊவாத் தேயிலைக்குக் குளிர்ச்சியான, நாசியை எழுப்பும் ஒரு மணம் வந்து சேர்கின்றது. மேற்கே திம்புள்ளவில் நிலைமை மாறுகின்றது. சனவரி முதல் மார்ச்சு வரை பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும்போது அங்கு சிறந்த இலை கிடைக்கின்றது. ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவின் சாயம் வெளிறிய பொன்னிறமும் மெல்லிய பூமணமும் உடையது. தெற்கே ருகுணையின் தாழ்நிலத் தேயிலையோ கருஞ்சிவப்பான, கனத்த சாயம் தருவது. மேற்காசிய நாடுகளில் அதனை விரும்பி வாங்குவர்.

இயற்கை மணத்தோடு நிறைவுகொள்ளாத மனிதர் வேறு மணங்களையும் இலைக்கு ஊட்டக் கற்றனர். தேயிலை அயல்மணத்தை எளிதிற் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. சவர்க்காரத்துக்கும் கருவாட்டுக்கும் அருகே வைத்த தேயிலையைக் குடித்தோர் இதனை நன்கறிவர். இக்குறையையே குணமாக்கினர் சீனர். பூச்சியான் மாநிலத்தின் பூச்சோ நகர்ப் பகுதியில், பகலில் மல்லிகை மொட்டுகளைப் பறித்து வருவர். இரவில் அவை மலரும் வேளையிலே தேயிலையோடு கலந்து வைப்பர். விடியுமுன் மணம் இலைக்குள் இறங்கிவிடும். பின்னர்ப் பூவை நீக்கி இலையை உலர்த்துவர். உயர்ந்த வகைக்கு இவ்வாறு புதுப் பூவிட்டுப் பலமுறை செய்வதுண்டு. தமிழ்ப் பெண்கள் கூந்தலிற் சூடும் மல்லிகையும் அங்கு தேயிலைக்கு மணமூட்டும் மல்லிகையும் ஓரினமே. அதே மாநிலத்தின் வூயி மலையில் பைன் விறகின் புகையிலே இலையை உலர்த்துவர். அத்தேநீரில் அடுப்படி நினைவு எழும்.

ஐரோப்பாவில் எண்ணெய் மணம் பெருவழக்காயிற்று. இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாபிரியாவில் விளையும் பேர்கமொட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோலெண்ணெயைக் கறுப்புத் தேயிலையிற் சேர்த்தது ஏர்ள் கிறே எனப்படும். 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த கிறே பிரபுவின் பெயரே அதற்கு வழங்குகின்றது. தமிழர் இல்லங்களிலோ இஞ்சியும் ஏலமும் போதுமாயின. அவற்றுள் நசுக்கிய இஞ்சியிட்ட வெறுந்தேநீரைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு அருந்தும் யாழ்ப்பாண வழக்கம் தனிச் சிறப்புடையது. இனிப்பு சாயத்திற் கலவாது வாயிலே தனியாக நிற்பதால் துவர்ப்பும் காரமும் மறைவதில்லை.

இம்மணங்களை எவ்வாறு உணர்கின்றோம்? மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு ஏலத் தேநீர் அருந்திப் பார்க்கலாம். துவர்ப்பும் கைப்பும் தெரியும்; ஏலம் தெரியாது. கையை எடுத்தவுடன் ஏலமணம் பொங்கி வரும். நா அறிவது சில அடிப்படைச் சுவைகளையே. ஏனையவற்றை வாயின் பின்புறமாக மேலேறும் ஆவியின் மூலம் மூக்கே அறிகின்றது. தேயிலை சுவைப்போர் கரண்டியிலுள்ள சாயத்தை ஓசையெழ உறிஞ்சுவதும் இக்காரணம் பற்றியே. அது மரியாதைக் குறைவன்று. சாயத்தைத் துளிகளாக்கி மணத்தை மூக்குக்கு ஏற்றும் உபாயம்.

1883ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடைபெற்றுவரும் கொழும்பிலே, இவ்வாறு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைத்து உமிழ்வோர் உளர். பாரபட்சமின்றி ஒப்பிடுவதற்கென ஒரு சர்வதேச நியமம் 1980இல் வெளியாயிற்று. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் இலை, மூடிய பாத்திரம், ஆறு நிமிடம். இவ்வளவே அதன் சாரம். வீட்டிலும் இதனைக் கைக்கொள்ளலாம். ஒரே அளவு இலை, ஒரே நீர், ஒரே நேரம் என்று நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்தால், அதுவரை ஒன்றெனத் தோன்றியவை நான்காகப் பிரிந்து நிற்கும்.

அவ்வாறு சுவைப்போர்க்கு முதலில் மல்லிகை மனத்தைக் கவரும். கோப்பையை எடுக்குமுன்னரே அது வந்து எதிர்கொள்ளும். பேர்கமொட் மணம் தோடம்பழத் தோலைப் பிழிந்தாற்போல் கூர்மையாக எழுந்து விரைவில் அடங்கும். இஞ்சி மணத்தைவிடத் தொண்டையிற் காட்டும் சூடே பெரிது. இவற்றின் நடுவே எதுவும் சேராத ஊவாத் தேநீர் முதலில் அடக்கமாகவே தோன்றும். ஆனால் கோப்பைகள் ஆறட்டும். கால்மணி நேரம் சென்றபின் மீண்டும் அருந்தினால் உண்மை வெளிப்படும். ஊட்டிய மணம் பெரிதும் பறந்துபோக, அடியிலுள்ள இலை தன் தரத்தைத் தானே சொல்லும். நல்ல இலையாயின் துவர்ப்பு தெளிவாக நிற்கும். பழம்பட்ட இலையாயின் நனைந்த கடதாசியின் சப்பே எஞ்சும். வடித்த இலை புதுச் செம்பைப்போல் ஒளிர்கின்றதா, மங்கிக் கறுத்துள்ளதா என்பதையும் பார்த்தல் நன்று.

மணமூட்டுதல் குற்றமன்று. நல்ல இலைக்கு நல்ல மணம் அணியாகும். தாழ்ந்த இலைக்கோ அது முகமூடியாகும். முகமூடியையே முகமென்று கொள்வோர் பெருகினால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து பறிப்பதற்கும் முற்றலிலையைச் சேர்த்து வாருவதற்கும் சந்தையில் வேறுபாடு இல்லாது போகும். அதனால் முதலில் நட்டமடைவது அத்தேர்ச்சியையே பிழைப்பாகக் கொண்டோர்தாம்.

1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிய, மலைகள் தேயிலைக்கு மாறின. மாற்றியவை தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோரின் கைகள். இன்றும் ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். மழையிலும் பனியிலும் அதனை ஒவ்வொன்றாகக் கிள்ளுவோர் பெரும்பாலும் அவர்தம் வழிவந்த பெண்களே.

அடுத்த கோப்பையை எடுக்கும்போது சீனியைச் சற்றே குறைத்து, ஒரு மிடற்றை நாவிலே நிறுத்திப் பார்த்தல் பெரிய காரியமன்று. அதற்குச் செலவாவது அரை நிமிடம். ஆனால் அந்த அரை நிமிடத்திலேதான், எங்கோ ஒரு மலையிலே கூடை சுமந்து நிற்கும் ஒருத்தியின் தேர்ச்சி அறியப்படுகின்றது.