பட்டா வந்தாச்சு... பேர் யாருது?

பட்டா நகலுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் தவம் கிடந்த காலம் மலையேறியாச்சு. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர்... அரசு இணையதளத்தில் தட்டினால் பைசா செலவில்லாமல் பட்டா திரையில் வந்து நிற்கும். கோவில்பட்டி கரிசல் காட்டுக்கும் வருது. சந்தோஷம்தான். ஆனா, அதில் யார் பேர் இருக்கு? அங்கேதான் சார் வில்லங்கம்!

1979-லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பித்தார்கள். ஒருத்தர் காடு இன்னொருத்தர் பேரில் ஏறிய கூத்தெல்லாம் அப்போது நடந்தது. பிற்பாடு அந்தக் கணக்கைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தப்பும் பத்திரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது!

எங்க மாமா ஒருத்தர் பக்கா சம்சாரி. உழுது உளுந்து விதைக்கிறது அவர். பட்டா யாரோ ஒருத்தர் பேரில். பி.எம். கிசான் தருகிற வருஷத்துக்கு 6,000 ரூபாய் அவருக்குக் கிடையாது. பயிர்க் காப்பீட்டுக்குப் போனாலும், "சிட்டா யார் பேர்ல இருக்கு அண்ணாச்சி?"

இ-சேவை மையத்தில் மனுப் போட்டார். செல்போனுக்குத் தகவல் வந்தது: 'தள்ளுபடி'. ஏன்னு திருப்பிக் கேட்கலாம்னா, அந்த மெசேஜுக்குக் காது கிடையாதே! ஆளைத் தள்ளிவிடத் தெரிந்த மிஷினுக்கு, காரணத்தை நாலு வரி தமிழில் சொல்லவும் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லணும். மாமாவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டவர் கேட்டார்: "ஐப்பசி விதைப்புக்கு முன்னால பதில் வந்துருமா மாப்ளே?"