வருவோரைத் தடுப்பதா, கணக்கில் வைப்பதா?

பிழைப்பு நாடி ஒரு மாநிலத்தினின்று மற்றொன்றுக்குச் செல்வோரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழுகின்றது. தாயகம் விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியமர்ந்துள்ள நம் குடும்பங்களுக்கு இஃது அயலார் விவகாரம் அன்று. ஆதலின் சட்டம் கூறுவது யாதென அறிந்திருத்தல் நலம்.

இந்தியக் குடிமக்கள் நாட்டில் எங்கும் செல்லலாம், எங்கும் குடியேறலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு உறுதி தருகின்றது. பொது நலனுக்காகவும் பழங்குடியினர் நலனுக்காகவும் நியாயமான வரம்பு விதிக்க அப்பிரிவே இடமளிக்கின்றது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிஜோரம் ஆகிய மாநிலங்களுக்குள் வெளியார் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். 1873-இல் ஆங்கிலேயர் இட்ட ஒழுங்குமுறையினின்று வந்த ஏற்பாடு இது. 2019 டிசம்பரில் மணிப்பூருக்கும் விரிவாக்கப்பட்டது. சிறு தொகையினரான மலைவாழ் மக்கள் தம் மண்ணிலேயே ஒதுக்கப்படுவோமோ என அஞ்சுவதை நாம் மதித்தல் வேண்டும்.

தொழில் வளம் மிக்க மாநிலங்கள் கதவடைக்க முற்படுவது வேறு. தனியார் நிறுவனங்களில் மாதம் 30,000 ரூபாய் வரை ஊதியமுள்ள வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூரார்க்கே ஒதுக்கும் சட்டத்தை ஹரியானா 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அது செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

அங்ஙனமாயின் ஒழுங்குமுறையே வேண்டாமா? வேண்டும், தொழிலாளியைக் காக்கும் ஒழுங்குமுறை வேண்டும். வெளி மாநிலத்தினின்று ஆள் கொணரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவும், தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகமும் வழிச்செலவும் தரவும் 1979-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. ஏட்டிலிருந்த அச்சட்டம் நடைமுறையில் சரிவர இயங்கவில்லை. அதன் விளைவை 2020-இல் ஊரடங்கின்போது கண்டோம். யார் எங்கே உழைக்கின்றனர் என்னும் கணக்கு அரசிடம் இல்லை. பசியோடு நடந்தே ஊர் புறப்பட்டோர் எண்ணற்றோர். மே 1 முதல் விடப்பட்ட தனி இரயில்களில் ஏறத்தாழ 63 லட்சம் பேர் சென்றனர். அவர்களுள் பலரை முதன்முதலாக எண்ணியது இரயில்வேயின் கணக்கேடே எனலாம். இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது பெருமை தருவதன்று.

அப்பழைய சட்டத்திற்கு மாற்றான தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலையில் அமர்த்தப்படுவோர்க்கு நியமனக் கடிதம் தருதல் அதில் கட்டாயமாகும். குடும்ப அட்டையைக் கொண்டு எம்மாநிலத்திலும் ரேஷன் அரிசி, கோதுமை பெறும் வசதியும் 2022 முதல் நாடெங்கும் உண்டு. நேற்று வந்திறங்கிய தொழிலாளிக்கு இவற்றை யார் எடுத்துரைப்பார்? விண்ணப்பம் எழுதித் தரும் பணியை நம் சங்கத்து இளைஞர் ஞாயிறுதோறும் மேற்கொள்ளலாகாதா?

இன்னொன்றும் கூறியாக வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டியில் முண்டியடித்து ஏறியவரே அடுத்த நிலையத்தில் கதவைச் சாத்திக்கொள்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். முன்னர் வந்து வேரூன்றிய நம்மவருள் சிலரும், பின்னர் வருவோரை அவ்வாறே நோக்குகின்றனர். நம் பாட்டனார் வந்திறங்கிய அன்று ஒதுங்க இடமளித்தவர் ஒருவர் இருந்திருப்பார். அக்கடனை, வருபவர் எம்மொழியினராயினும், அவரிடம் தீர்ப்பதே முறை.