எப்போதிலிருந்து இந்த வேறுபாடு?

பத்தாம் வகுப்பில் புற்றுநோய் பற்றிப் பாடம் நடத்தியபோது, அமெரிக்கப் புள்ளிவிவரம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். அங்கே வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் அந்நோயால் இறக்கும் விகிதம் கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம்.

"அவங்க உடம்பே அப்படியா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "மரபணுதான் காரணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் என் பதில் அரைகுறையானது என்று தெரிந்தது.

உடற்கூறுக்கு இதில் பங்கு உண்டு. 'டிரிபிள் நெகட்டிவ்' என்னும் கடுமையான வகை, கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் இவ்வகைக்குப் பயன்படா. ஆனால் அம்மாத்திரைகளுக்குக் கட்டுப்படும் வகையிலும் கறுப்பினப் பெண்களே அதிகம் இறக்கிறார்கள். அப்படியானால் மரபணுவை மட்டும் காரணம் காட்ட முடியுமா?

சிகாகோ நகரம் இதற்கு விடை தருகிறது. 1980இல் அங்கே இரு இனத்தவரின் இறப்பு விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னர் மேமோகிராம் பரிசோதனையும் தமாக்சிஃபென் போன்ற மருந்துகளும் பரவின. வெள்ளையினப் பெண்களின் இறப்பு குறைந்தது. கறுப்பினப் பெண்களின் இறப்பு பெரிதாகக் குறையவில்லை. 2003இல் இடைவெளி 68 சதவீதமாகிவிட்டது. இருபது ஆண்டுகளில் மரபணு மாறிவிடாது. காப்பீடு இல்லாமை, வசதி குறைந்த மருத்துவமனைகள், படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் சிறப்பு மருத்துவர் பற்றாக்குறை, சிகிச்சை தொடங்குவதில் தாமதம் ஆகியவையே பெரிய காரணங்கள். இவற்றைச் சரிசெய்ய நகரில் பணிக்குழு அமைத்துச் செயல்பட்ட பிறகு இடைவெளி குறையத் தொடங்கியது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கி, பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தேன். 1980இல் ஒட்டியிருந்த கோடுகள் போகப்போக விலகின. அந்த மாணவி சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ அவங்களைக் காப்பாத்தியிருக்கலாம், இல்லையா டீச்சர்?" என்றாள். "ஆமாம், பலரைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றேன்.

இரு பிரிவினரை ஒப்பிடும் எண் எந்தப் பாடத்தில் வந்தாலும், "இந்த வேறுபாடு எப்போதிலிருந்து இருக்கிறது?" என்று மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பிறப்பிலேயே உள்ளது என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லும் பதிலை அந்தக் கேள்வி தடுத்துவிடும்.