மின்கிற்றாரும் திரிந்த நாதமும்

இசைக்கு இனிமை தருவது தூய ஒலியே என்பது பலரும் ஆராயாது ஏற்றுக்கொண்ட கொள்கை. தம்புராவுக்குச் சுருதி கூட்டும் ஒருவரை அருகிருந்து நோக்கினால் அக்கொள்கை தளரும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகி, அதனை மயிரளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஒலியில் ரீங்காரம் பிறக்கும் இடத்தை அவர் தேடுகின்றார். அந்த ரீங்காரத்துக்கு உயிர் என்னும் பொருள்பட ஜீவா என்று பெயரிட்டனர் நம்முன்னோர். நூலை எடுத்துவிட்டால் தந்தி தூய்மையாகவே ஒலிக்கும். ஆயின் தம்புரா தம்புராவாக இராது. விஞ்ஞானி சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டில் இந்திய நரம்புக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், மீட்டிய இடத்தைக்கொண்டு நோக்கின் எழாதிருக்க வேண்டிய மேற்றொனிகளும் தம்புராவிலும் வீணையிலும் எழுகின்றன என எடுத்துக்காட்டினார். வளைந்த குதிரையின் மேற்பரப்பைத் தந்தி உரசியதிர்வதே அதற்குக் காரணம். இவ்வாறு தந்தியின் இயல்பான அதிர்வைச் சற்றுத் திரித்துச் செழுமை காண்பது நமக்குப் புதிதன்று.

மின்கிற்றாருக்கு வாய்த்த ஃபஸ் என்னும் பெடலும் அக்குடியைச் சேர்ந்ததே. காலால் மிதித்து இயக்கும் கையடக்கமான பெட்டி அது. கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அமர்ந்து, மென்மையான நரம்போசையைக் கரகரத்த, நீண்டு நிற்கும் முழக்கமாக மாற்றுவது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் கோயில் திருவிழா இரவுகளில் மேடையேறும் இன்னிசைக் குழுக்களில் இன்று மின்கிற்றார் காணப்படுகின்றது. அக்குழுக்களின் இளைஞர் வாங்கும் பெடல் பெரும்பாலும் ஒன்றே. பக்திப் பாடலுக்கும், பைலாத் தாளத்துக்கும், திரையிசைக்கும் அந்த ஒன்றே ஈடுகொடுத்தல் வேண்டும். ஆதலால் எதனைத் தேர்வது என்னும் வினா அவர்களுக்குப் பொழுதுபோக்கு வினாவன்று. ஒரு பருவத்து வருவாயே அதில் தங்கியிருக்கின்றது.

இக்கருவி பிறந்த கதை ஒரு பழுதின் கதை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி றொபின்ஸ் என்பாரின் பாடலொன்று ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தபோது, பதிவுக் கருவியில் ஒரு நிலைமாற்றி கெட்டது. கிறேடி மார்ட்டின் வாசித்த கிற்றாரின் ஓசை அதனால் கரகரத்து வந்தது. அதனை அழித்து மீளப் பதியாமல் அப்படியே வெளியிட்டனர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதை வேண்டும்போது வருவிக்கும் ஒரு சுற்றை அமைத்தார்; கிப்சன் நிறுவனம் அதனை 1962இல் மாஸ்ட்ரோ ஃபஸ்ரோன் என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. மூன்று ஜேர்மானியத் திரான்சிற்றர்களும் ஒன்றரை வோல்ற்று மின்கலங்கள் இரண்டுமே அதன் உள்ளீடு. ஊதுகருவிகளைப்போல ஒலிக்கும் என்று அதற்கு விளம்பரம் செய்தனர். வாங்குவார் அரிதாகவே இருந்தனர். 1965இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் புகழ்பெற்ற பாடலொன்றில் கீத் றிச்சட்ஸ் அதனைப் பயன்படுத்திய பின்னரே நிலைமை மாறியது. அவருங்கூடப் பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு குறிப்பாகவே அதனை வாசித்தாராம். கிற்றாரின் நரம்பு நாகசுரத்தின் சீவாளியை அவாவியது என்று சொன்னால் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இனி, பெட்டியினுள் நிகழ்வது யாதெனின், கிற்றார் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மெல்ல மீட்டினால் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அளவினது. அதனைப் பல மடங்கு பெருக்கி, குறித்ததோர் எல்லைக்கு மேல் எழவொட்டாது தடுத்துவிடுகின்றனர். மலைமுகடுபோல் வளைந்தெழும் அலையின் உச்சி, மேடுபோல் தட்டையாக வெட்டுண்டு போகின்றது. வெட்டுண்ட அலையில் மூல ஒலியோடு அதன் மடங்குகளான மேற்றொனிகளும் தோன்றுகின்றன. மேலும் கீழும் ஒத்த அளவில் வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றை மடங்குகள் மட்டும் எழும். ஒருபுறம் கூடுதலாக வெட்டினால் இரட்டை மடங்குகளும் சேரும். வேறொரு பயனும் உண்டு. நரம்பின் அதிர்வு தேய்ந்துகொண்டே போனாலும் எல்லைக்கு மேற்பட்ட பகுதி எப்போதும் ஒரே உயரத்தில் வெட்டப்படுவதால், காதுக்கு ஒலி குன்றாது நீள்கின்றது. கமகம் வேண்டும் நம் இசைக்கு இந்நீட்சி பெரும் துணை. கருநாடக இசையை மின்கிற்றாரில் வாசிக்கும் தமிழகத்து ஆர். பிரசன்னா, ஜிமி ஹென்றிக்ஸை நினைந்து 2006இல் வெளியிட்ட எலெக்ட்ரிக் கணேஷா லாண்ட் என்னும் இசைத்தொகுப்பைக் கேட்பார் இதனை உணர்வர்.

ஒரு நரம்பைத் திரித்தால் இவ்வளவே. இரு நரம்பை ஒருங்கே மீட்டித் திரித்தால் புதியதொரு விளைவு தோன்றும். இரு ஒலிகளின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் பெறும் புதிய ஒலிகள் பெட்டிக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. செக்கனுக்கு 110 அதிர்வுடைய நரம்பைச் சட்சமாகக் கொள்வோம். அதன் பஞ்சமம் கிற்றாரில் ஏறக்குறைய 164.8. வேறுபாடு 54.8, அஃதாவது சட்சத்தின் கீழ்த்தாயியான 55ஐ ஒட்டியது. ஆகவே சட்சத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினால் கீழே ஒரு கனத்த ஆதாரம் தானே வந்து தாங்குகின்றது. இனி அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பார்ப்போம். கிற்றாரின் கட்டைகள் சமப்பகுப்பு முறையில் அமைந்தவையாதலால் அது 138.6 ஆக நிற்கும். இயற்கைச் சுருதியிலோ 137.5 ஆதல் வேண்டும். பெட்டிக்குள் பிறக்கும் 28.6, 81.4 முதலிய ஒலிகள் எந்தச் சுரத்தோடும் பொருந்தாது மோதுகின்றன. தூய ஒலியில் காதுக்குப் புலப்படாத இச்சிறு பிழை, திரிந்த ஒலியில் பூதாகாரமாகின்றது. றொக் இசையார் காந்தாரத்தை நீக்கிச் சட்சம், பஞ்சமம் மட்டுமே மீட்டுவது இதனாலேயாம். நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் வகுத்த சிலப்பதிகார உரைமரபு இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. வற்றாப்பளையில் கண்ணகிக்குப் பொங்கலிடும் நாட்டார் அக்காப்பியத்தின் இசைப்பகுதியைப் பகுதிக் கற்றலோடு நிறுத்திவிடுவது வருந்தத்தக்கது, அது நிற்க.

வெட்டும் முறைகளிலும் வெட்டும் பொருள்களிலும் வேறுபாடு உண்டு. ஓவர்டிரைவ் எனப்படுவது உச்சியை மெல்லத் தடவிவிடுவது. டிஸ்ரோர்ஷன் எனப்படுவது கூரிய கத்தியால் வெட்டுவது. ஃபஸ் என்பது உச்சியை ஏறத்தாழ முழுவதும் தறித்துச் சதுர அலையாக்கிவிடுவது. 1966இல் இலண்டனில் தோன்றிய ஃபஸ் பேஸ், 1969இல் நியூயோர்க்கில் தோன்றிய பிக் மவ் என்பன ஃபஸ் வகையிலும், 1978இல் யப்பானிய பொஸ் நிறுவனம் வெளியிட்ட செம்மஞ்சள் நிற டி.எஸ்.1, அதே காலத்து அமெரிக்க றற் என்பன டிஸ்ரோர்ஷன் வகையிலும் பெயர்பெற்றவை.

வன்னியில் வாழ்வார்க்கு இவற்றுள் முதலில் கருதத்தக்கது வெப்பம். ஹென்றிக்ஸ் பயன்படுத்தியமையால் பெரும் புகழெய்திய பழைய ஃபஸ் பேஸ் ஜேர்மானியத் திரான்சிற்றர்களால் ஆனது. ஜேர்மானியத்தில் கசியும் மின்னோட்டம் வெப்பநிலை ஏறத்தாழப் பத்துப் பாகை ஏறுந்தோறும் இருமடங்காகும். இலண்டன் மாலைப்பொழுதில் சரியாக அமைத்த சுற்று, வைகாசி மாதத்து வன்னி மேடையில் நிலைதவறும். ஒலி மெலிந்தோ விட்டுவிட்டோ வரும். பழைமையின் மேலுள்ள காதலால் மிகுந்த விலை கொடுத்து ஜேர்மானியப் பெடலை வாங்குவது நம் நாட்டு வெயிலை மறந்த செயல். சிலிக்கனுக்கு இக்குறை மிகக் குறைவு. அன்றியும் பழைய முறை ஜேர்மானியப் பெடல்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே பொதுமுனையாக அமைந்திருக்கும். மற்றப் பெடல்களோடு ஒரே மின்வழங்கியில் இணைத்தால் குறுஞ்சுற்று நேரும்.

அடுத்தது மின்சாரம். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் மின்கலமே கிட்டாது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. இன்று மின்னிணைப்பு வந்துவிட்டது. எனினும் வெளியிடத்து மேடைகள் பல மின்பிறப்பாக்கியையே நம்பியுள்ளன. ஒளிவிளக்குக் கம்பிகளும் ஒலிக் கம்பிகளும் ஒன்றன்மேலொன்று கிடக்கும் அவ்விடங்களில், கிற்றாரின் ஒற்றைச் சுருள் ஏந்திகள் மின்சாரத்தின் ஹும் என்னும் இரைச்சலையும் ஏந்திக்கொள்கின்றன. நரம்பொலியைப் பன்மடங்கு பெருக்கும் பெடல் இரைச்சலையும் அதே மடங்கு பெருக்குமன்றோ? பெருக்கம் மிகுந்த ஃபஸ் பெடலை வாங்கிவிட்டுப் பாடகர் மூச்சுவிடும் இடமெல்லாம் இரைச்சல் நிரம்புவதைக் கண்டு கிற்றாரைப் பழிப்பாருளர். பெருக்கத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்க இயலுமா என்பதே வாங்குமுன் சோதிக்க வேண்டியது. எவ்வளவு கூட்டலாம் என்பதன்று. ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் இயக்கினால் மின்வழங்கியால் வரும் இரைச்சலாவது ஒழியும். இவை சில மில்லி அம்பியர் மட்டுமே உண்பன.

மூன்றாவது, குழுவின் மற்றக் கருவிகள். பிக் மவ் தனியே கேட்க மிக இனியது; ஆயின் நடுத்தொனிகளைக் குழிவாக்கிவிடும் இயல்புடையது. கடைக்குள் தனித்திருந்து வாசித்து மகிழ்ந்து வாங்கியவர், மேடையில் தவிலும் கீபோர்ட்டும் பாடகரும் ஒருங்கே ஒலிக்கும்போது தம் கிற்றாரைத் தாமே கேளாது திகைப்பர். டி.எஸ்.1க்கும் இக்குறை ஓரளவு உண்டு. எனினும் விலை குறைந்தது, எளிதிற் கிடைப்பது, உறுதியானது. றற் பெடலில் வெட்டும் அளவுக்கு ஒன்று, உயர்தொனிகளை மழுக்குவதற்கு ஒன்று, உரப்புக்கு ஒன்று என மூன்றே திருகுகள். முதலாவதைத் தாழ்த்தினால் ஓவர்டிரைவை ஒக்கும் மென்மை. உயர்த்தினால் ஃபஸ்ஸை நெருங்கும் முழக்கம். நடுத்தொனியும் குலையாது. ஒன்றே வாங்கவல்லார் இதனையோ இதன் சுற்றைப் பின்பற்றிய மலிவான பெடலையோ தேர்வது தக்கது. இருபொருள் கிட்டாதவிடத்து டி.எஸ்.1 போதும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். அறுபது டொலர் மதிப்புள்ள பெடல் 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 12,000 ரூபா. அவ்வாண்டு நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே பெடல் 21,600 ரூபா. பின்னர் டொலர் 300ஐ ஒட்டி இறங்கியும் பழைய விலை மீளவில்லை. இக்கணக்கில் வரியும் கப்பற் கூலியும் சேரவில்லை.

இதனாலேயே நம் உயர்தர வகுப்பு மாணவர் கருதத்தக்க வேறொரு வழியும் உண்டு. ஃபஸ் பேஸ் சுற்றில் திரான்சிற்றர் இரண்டு, தடையிகள் நான்கு, கொள்ளளவிகள் மூன்று, திருகுதடைகள் இரண்டு, அவ்வளவே. வானொலி திருத்தும் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கன் திரான்சிற்றர்களே போதும். செலவிற் பெரும்பகுதி தகரப்பெட்டிக்கும் மிதி ஆளிக்குமே ஆகும். பற்றாசு பிடித்து முடித்தபின், இரண்டாம் திரான்சிற்றரின் சேகரிப்பான் முனையில் வோல்ற்றுமானியை வைத்து அளந்து, மின்கலத்தின் பாதியான நாலரை வோல்ற்று வரும்வரை அங்குள்ள தடையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கிற்றாருக்கு அடுத்து முதலாவதாகவே இணைத்தல் வேண்டும். இடையே வேறு பெடல் வரின் ஓசை கடுமையாகும். அவ்வாறு இணைத்தால், கிற்றாரிலுள்ள ஒலித்திருகைச் சற்றுத் தாழ்த்திய அளவிலேயே முழக்கம் தணிந்து தெளிந்த நாதம் மீளும்; பாடகர் பல்லவியைத் தொடங்கும்போது பெடலை மிதிக்கவே வேண்டியதில்லை. கச்சேரி முடிந்ததும் உள்ளீட்டுத் துளையிலிருந்து கம்பியைக் கழற்றிவிடுக. பெரும்பாலான பெடல்களில் மின்கலத்தின் ஆளி அத்துளையிலேயே உள்ளது. கழற்றாவிடின் மின்கலம் வீணே தேய்ந்துகொண்டிருக்கும்.