வயலில் ஓட்டுவதும் வீதியில் ஓட்டுவதும்

காலபோக வெட்டுத் தொடங்கிவிட்டால் உழவு இயந்திரத்துக்கு இரவும் பகலும் ஒன்றுதான். பகல் முழுவதும் வயலில் நின்றுவிட்டு, பொழுது பட்டபின் நெல்மூடைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருகிறோம். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? அநேகமானவற்றில் ஒன்றுமே இல்லை. தூசு படிந்த தகரமும் தொங்குகின்ற கயிறும் மாத்திரமே.

சில வருடங்களுக்கு முன்னர் எமது பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் இரவு எட்டு மணியளவில் மோட்டார் சைக்கிளில் வந்து இப்படியான ஒரு பெட்டியின் பின்னால் மோதினார். கால் முறிந்து, அடுத்த போகம் முழுவதும் அவர் வயலில் இறங்கவில்லை. உழவு இயந்திரக்காரரும் அதே கோவிலுக்குப் பூசைக்கு வருபவர்தான். “நான் லைற் போட்டுக்கொண்டுதானே போனேன்” என்று அவர் பலமுறை சொன்னார். அது பொய்யல்ல. லைற் முன்னுக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இந்தப் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்கவில்லை. வீட்டுக்கே ஜாம் போத்தல் விளக்குத்தான். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2008, 2009இல் வன்னிக்குள் ஊர் ஊராக அலைந்தபோதும் பிள்ளைகளையும் பாத்திரம் பண்டங்களையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இருட்டில் ஓடினோம். வெளிச்சம் தெரிந்தால் விமானம் வரும், செல் விழும் என்ற பயம். வீதியும் குண்டும் குழியுமாகக் கிடந்தபடியால் பின்னால் வருபவரும் மெதுவாகவே வந்தார்.

யுத்தம் 2009இல் முடிந்தது. பின்னர் ஏ-9 வீதியும் வேறு பல வீதிகளும் காப்பெற் போடப்பட்டன. பஸ்சும் லொறியும் மோட்டார் சைக்கிளும் பறக்கின்றன. நாமோ அதே பெட்டியுடன், அதே வேகத்தில், அதே இருட்டில் போய்க்கொண்டிருக்கிறோம்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, கை பிறேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் ஆகும். பிடித்தபின் காய்ந்த வீதியிலும் இருபது மீற்றருக்கு மேல் ஓடித்தான் நிற்கும். ஆக, நிற்பதற்கு 40 மீற்றர் வேண்டும். எதிரே வரும் லொறிக்காக விளக்கைத் தாழ்த்தியிருக்கும்போது, தூசு பிடித்த பெட்டியொன்று 30 மீற்றருக்குள் வந்தபின்தான் அநேகமாகத் தெரியும். மிகுதி 10 மீற்றருக்கு அந்தப் பிள்ளை என்ன செய்வது? “வேகமாக வந்தது அவனுடைய பிழை” என்பது சரிதான். ஆனால் பெட்டி தெரிந்திருந்தால் அந்த வேகத்திலும் தப்பியிருப்பான்.

லான்ட்மாஸ்டரில் எஞ்சினோடு எரியும் ஒரு முன்விளக்கே உண்டு. ஆகையால் பெட்டிக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். பெட்டியின் பின் மூலைகள் இரண்டிலும் சிவப்பு ஒளிதெறி ஒட்டி ஒட்டலாம். சைக்கிள் மட்காட்டில் பூட்டுகின்ற சிவப்புக் கண்ணாடியும் உதவும். ஒன்றை நடுவில் பூட்டினால் போதாது. அது சைக்கிள் என்று நினைத்து, பெட்டியின் அகலம் தெரியாமல் வந்து மோதுவார்கள். வைக்கல், விறகு ஏற்றும்போது அது மூடுப்படாமலும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பூட்டியதே வீண். பழைய சீடித் தட்டைக் கட்டித் தொங்கவிடுபவர்களும் உண்டு. ஒன்றும் இல்லாததிலும் அது மேல். ஆனால் காற்றுக்குத் திரும்பினால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். இவற்றோடு பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கொன்றும் இருந்தால் எதிர்வெளிச்சம் படாத இடத்திலும் பெட்டி தெரியும்.

ரயர் காற்றுப்போய் வீதியில் நிற்க நேர்ந்தால் குழை முறித்துப் போடுவது எமது வழக்கம். குழையைப் பெட்டிக்குக் கிட்டப் போட்டுப் பயனில்லை. 50 கவடு பின்னால் போடுங்கள். இரவில் ஒருவர் அங்கே ரோர்ச் லைற்றுடன் நிற்கட்டும். சில்லுக்கு அண்டை வைத்த கல்லைப் போகும்போது எடுத்துவிடுங்கள். வீதியோரத்தில் நெல் காயவிடும்போது சுற்றிவர வைக்கும் கற்களும் அப்படியே. நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை விட்டுச் செல்லும் ஆட்கள் எங்களிலேயே இருக்கிறார்கள்.

பெரிய உழவு இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இன்னுமொரு விடயம். அதில் வலச்சில்லுக்கும் இடச்சில்லுக்கும் தனித்தனி பிறேக் மிதி இருப்பது வயலில் வரம்போரம் திருப்புவதற்காக. வீதிக்கு ஏறமுன் இரண்டையும் சேர்த்துக் கொக்கியைக் கொழுவ வேண்டும். கொழுவாமல் வேகத்தில் ஒன்றை மாத்திரம் மிதித்தால் இயந்திரம் அந்தப் பக்கம் சுழன்று பிரளும். கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், அதைப் பல நாளாக ஒருவரும் தொடவில்லை என்பதே பொருள்.

லான்ட்மாஸ்டரில் ஆபத்து வேறு. சமதரையில் இடக்கைக் கிளச்சைப் பிடித்தால் அது இடப்பக்கம் திரும்பும். ஆனால் மூடை ஏற்றிய பெட்டியுடன் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது அதே கிளச் அதை வலப்பக்கம் கொண்டுபோகும். மேட்டிலிருந்து பாரம் தள்ளுகிறது, எஞ்சின் சில்லுகளைப் பிடித்து மறிக்கிறது. அவ்வேளை இடச்சில்லை விடுவித்தால் அந்தச் சில்லுத்தான் முந்தி ஓடும். புதிதாகப் பழகுபவர்கள் கட்டால் விழுவது இதனாலேயே. இறங்கமுன்னரே சின்னக் கியரைப் போட்டு, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, பெட்டிப் பிறேக்கை மெல்ல மிதித்தபடி, கிளச்சைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்ப வேண்டும். நியூட்ரலில் விட்டு இறங்குவது டீசல் மிச்சமல்ல; வீட்டாரை அழவைக்கும் வேலை.

பிள்ளைகளை மட்காட்டிலும், பெட்டி கொழுவும் சட்டத்திலும் ஏற்றாதீர்கள். இடம்பெயர்ந்த நாட்களில் வேறு வழியில்லாமல் ஏற்றினோம். அங்கிருந்து தவறினால் அடுத்து வருவது பெட்டிச் சில்லு. அனுமதிப்பத்திரம் இல்லாத மகனிடம் “கடைவரைதானே” என்று இயந்திரத்தைக் கொடுப்பதையும், வெட்டு முடிந்த அன்று குடித்துவிட்டு ஓட்டுவதையும் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை.

பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால் இடம் கண்ட இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி அவற்றைப் போகவிடுவோம். எமக்கு இரண்டு நிமிடம் போகும். பின்னால் வருவது ஒரு நோயாளியின் வாகனமாகவும் இருக்கலாம். வயலிலிருந்து ஏறும்போது சில்லில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் வழித்துவிடுவதும் அதைப் போன்றதே. மழை தூறினால், வீதியில் விழுந்த அந்தச் சேற்றுக் கட்டியில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சறுக்கும்.

இவ்வளவு கவனித்தும் விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அடிபட்டவரை அவசரப்பட்டு இழுத்துத் தூக்கிப் பெட்டியில் போடவேண்டாம். முதுகெலும்பில் காயம் இருந்தால் அதுவே அவரைக் கெடுத்துவிடும்.

வெட்டுத் தொடங்கமுன் ஓர் இரவு இதைச் செய்து பாருங்கள். பெட்டியை வீட்டு ஒழுங்கையில் நிறுத்திவிட்டு 100 கவடு பின்னால் நடந்து போங்கள். ரோர்ச் லைற்றை இடுப்புயரத்தில் பிடித்து அடியுங்கள். பெட்டி தெரியவில்லை என்றால், தெரியும்வரை கிட்ட நடந்து வந்து எத்தனை கவடு என்று எண்ணுங்கள். வீட்டிலுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.