வெண்பா: கிழிந்த சமையல் கொப்பியில் ஒளிந்த புதிர்

'வெண்பா' ஒரு புதிர் வீடியோ கேம். டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இதை 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. கணினியிலும் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளிலும் விளையாடலாம். கதை 1988இல் தொடங்குகிறது. ஊரைவிட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரைச் சுற்றியே அது நகர்கிறது.

வெண்பாவின் கையில் இருப்பது தாய் தந்த சமையல் கொப்பி. அதன் தாள்கள் கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கின்றன. எஞ்சிய வரிகளையும் படங்களையும் வைத்து, விடுபட்ட படி எதுவென்று விளையாடுபவர் ஊகிக்க வேண்டும். இட்லிக்கு மாவு தயார், தட்டுகளும் உண்டு. அவற்றை எந்த வாக்கில் அடுக்குவது என்பதே கேள்வி. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக இருந்தால் இட்லி உப்ப இடமில்லை. ஆவியும் சரியாக ஏறாது. பிழைத்தால் மறுபடி செய்யலாம், கடிகாரம் துரத்துவதில்லை. விடைக்குப் பின்னால் அடுப்படியின் உண்மையான காரணம் இருப்பதுதான் இந்தப் புதிர்களின் பலம்.

கேமில் புட்டு செய்யும் அத்தியாயத்தை, கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு எழுவான்கரை வாசகருக்கு விளக்கவே தேவையில்லை. செட்டிபாளையம் போன்ற ஊர்களில் புட்டு அன்றாட உணவு. குழைத்த மாவை உதிரியாகக் கொத்திக்கொண்டு, குழலின் அடியில் முதலில் தேங்காய்ப்பூ, அதன்மேல் மா, மறுபடி தேங்காய்ப்பூ என்று நிரப்புவார்கள். அடியில் தேங்காய்ப்பூ இருந்தால்தான் மா துளைவழியே தண்ணீருக்குள் உதிராது. மாவை அழுத்தித் திணித்தால் ஆவி மேலே ஏறாமல் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்வதைப் 'புட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று சொல்லும் வழக்குக்கும் இந்த அடுக்குத்தான் மூலம். புட்டு அவிக்கும் இந்தப் பக்குவத்தை யாரும் எழுதிவைத்துப் படித்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. பார்த்துப் பழக ஊரில்லாத இடத்தில் அதே அறிவு புதிராகிவிடுகிறது.

அந்த இழப்பைத்தான் கதை சொல்கிறது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கவின் தமிழில் பேசத் தயங்குகிறான், வீட்டுச் சாப்பாட்டையும் தள்ளிவைக்கிறான். வளர்ந்து தானே சமைக்க வரும்போது கொப்பியின் தமிழ் அவனுக்குத் தடுமாறுகிறது. அதுவரை கிழிந்த தாள் புதிராக இருந்தது; அப்போது மொழியே புதிராகிறது. மொத்த விளையாட்டிலும் மனத்தை அதிகம் தொடும் இடம் அதுதான். வெண்பா, பாவலன், கவின் என்று மூன்றும் தமிழ்ப் பெயர்களாக இருப்பதும் அங்கே வலிக்கிறது.

வடிவமைத்தவர் அபி. பழைய தமிழ்த் திரைப்பாட்டுகளை நினைவூட்டும் பாடல்கள் சமைக்கும்போது வானொலியில் ஒலிக்கின்றன. முழுவதும் விளையாட இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இது குறுகியது என்று வாங்கியவர்கள் சிலர் குறைப்பட்டது நியாயமே. ஆனாலும் 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் இதற்கே கிடைத்தன.

புட்டுக்குழலைப் பிடித்துப் பழகிய கை, அந்த அத்தியாயத்தைத் துப்பு எதுவும் கேளாமலே கடந்துவிடும்.